பாத்ரூம் சீலிங்கில் புதுப் பெயிண்ட், அதற்குள் கறை: எந்தக் கறைக்கு எது வைத்தியம்

பெயிண்ட் அடித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, பாத்ரூம் சீலிங்கில் கறை. உடனே பெயிண்டருக்கு போன் போட்டு, "அதுமேல இன்னொரு கோட் விட்டுருங்கண்ணே" என்று சொல்வதுதான் பல வீடுகளில் நடக்கிறது. அவரும் வந்து அடித்துவிட்டுப் போவார். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே கறை திரும்ப வந்து நிற்கும். கறை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் ஏழெட்டு வகை இருக்கிறது. ஒன்றுக்குத் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் போதும். இன்னொன்றில் தண்ணீர் படவே கூடாது. வேறொன்றுக்குக் கொத்தனார் வரவேண்டும், பெயிண்டரால் ஒன்றும் ஆகாது. அதனால் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஏணியில் ஏறிப் பாருங்கள்.

கையில் வேண்டியவை: டார்ச், ஈரமான வெள்ளைத் துணி, பென்சில், கொஞ்சம் ப்ளீச், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாள், அகல டேப். கறை லைட் பாயின்ட்டையோ ஹீட்டர் ஒயரையோ ஒட்டி இருந்து அந்த இடம் ஈரமாகவும் இருந்தால், முதலில் அந்த லைனின் எம்சிபி-யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை.

முதல் பத்து நிமிடச் சோதனை

டார்ச்சைச் சீலிங்கை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத கொப்புளம், மேடு, உரிந்த ஓரம் எல்லாம் நிழல் விட்டுக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஈரத் துணியால் கறையின் ஒரு ஓரத்தை மெதுவாகத் தேயுங்கள். பழுப்பாகத் துணியில் ஒட்டிக்கொண்டு வந்து, விரலுக்குப் பிசுபிசுப்பாக, லேசாகச் சோப்புப் போல வழுக்கினால் அது பெயிண்டிலிருந்தே வெளியேறிய பொருள். ஈரம் பட்டதும் மறைந்து, காய்ந்ததும் வெள்ளையாகத் திரும்பினால் உப்பு. இரண்டும் இல்லாமல் கறுப்புப் புள்ளியாக இருந்தால் அதன் மேல் ஒரு சொட்டு ப்ளீச் வையுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புகை அல்லது அழுக்கு.

துணிக்கும் ப்ளீச்சுக்கும் அசையாமல், ஓரம் கரும்பழுப்பாக, நடு வெளிறி, வட்டமாகப் பரவிய கறை என்றால் மேலிருந்து தண்ணீர் வருகிறது. அதன் ஓரத்தைச் சுற்றி இன்றே பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் எழுதிவிடுங்கள். கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்பது பிறகு நிறையக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்.

ஈரம் மேலிருந்து கசிகிறதா, அறைக்குள்ளிருக்கும் ஆவியே குளிர்ந்து படிகிறதா என்ற குழப்பம் இருந்தால் பாலிதீன் தாளை எடுங்கள். சந்தேகமான இடத்தைத் துடைத்துக் காயவைத்து, தாளை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டி, ஒன்றிரண்டு நாள் வழக்கம்போலக் குளியுங்கள். தாளின் கீழ்ப்பக்கம், அதாவது உங்களைப் பார்த்த பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் அது ஆவி. தாளுக்கும் தளத்துக்கும் இடையில் நீர் நின்றால் அது கசிவு. சில வீடுகளில் இரண்டு பக்கமும் நனையும். அப்படியானால் கசிவை முதலில் பாருங்கள்.

பிசுபிசுப்பான பழுப்புச் சொட்டுகள், வழிந்த கோடுகள்

புதுப் பெயிண்டில் மட்டுமே வரும் கறை இது. பெரும்பாலும் முதல் மாதத்துக்குள். ஷவருக்கு மேலேயும், வாளியில் வெந்நீர் பிடிக்கும் இடத்துக்கு நேர் மேலேயும் தேன் தெளித்தாற்போல இருக்கும். பார்ப்பவர்கள் "டூப்ளிகேட் பெயிண்டு போட்டுட்டான்" என்பார்கள். அப்படி இல்லை.

எமல்ஷன் பெயிண்டில் பிசினும் நிறமும் தண்ணீரில் பிரியாமல் கலந்து நிற்பதற்காகச் சோப்பு போன்ற சில பொருட்களைச் சேர்க்கிறார்கள். பெயிண்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்கு அரை மணியில் காய்ந்துவிடும். உள்ளே முழுதாக இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் ஆவி படிந்து மேற்பரப்பு நனைந்தால், இந்தச் சோப்புப் பொருள் கரைந்து மேலே வந்து, நீர் காய்ந்த பின் பழுப்பாகத் தங்கிவிடும். அடர் நிறத்தில் அடித்திருந்தால் இன்னும் பளிச்சென்று தெரியும்.

மதுரைப் பக்கம் இது எப்போது அதிகம் என்று பார்த்தால் காரணம் தானே புரியும். பொங்கலுக்காக மார்கழியில் பெயிண்ட் அடிப்பார்கள். அதிகாலைக் குளிரில் தளம் சில்லென்று இருக்கும். வீட்டில் எல்லோரும் வரிசையாக வெந்நீரில் குளிப்பார்கள். அல்லது புதுமனை புகுவிழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் கடைசி கோட் முடிந்திருக்கும். வந்திருக்கும் இருபது உறவுக்காரர்களும் அதே பாத்ரூமில். சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து ஆள் வரும் வீடுகளிலும் இதே கதை.

சரிசெய்வது சுலபம். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். மெத்தென்ற ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடையுங்கள். உடனே வேறொரு துணியில் வெறும் தண்ணீர் தொட்டு இரண்டு முறை துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பச்சைத் தேய்ப்பானும் உப்புத்தாளும் வேண்டாம். இறுகாத பெயிண்ட் கையோடு வந்துவிடும். துடைத்த பிறகும் ஒரு வாரத்தில் திரும்ப வரலாம். இரண்டு மூன்று தடவை துடைத்தால் உள்ளே இருப்பது தீர்ந்து நின்றுவிடும். மழை ஈரத்தில் காயாமல் இழுத்துக்கொண்டே போனால் கூடுதலாக ஒரு தடவை.

மாதக்கணக்கில் விட்டுவைத்தால் தடம் விழுந்துவிடும். அதைவிடக் கெடுதல், துடைக்காமல் அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது. பிசுபிசுப்பின் மேல் புதுக் கோட் பிடிக்காது, அந்தக் கோட்டுக்கும் மறுபடி இதே நோய் வரும்.

கறுப்பு, கரும்பச்சைப் புள்ளிகள்

பூஞ்சை. பழைய பூஞ்சையைக் கொல்லாமல் சுரண்டிவிட்டு அடித்திருந்தால் புதுப் பெயிண்டில் ஒரு மாதத்திலேயே எட்டிப் பார்க்கும். புதிதாக வருவதாக இருந்தால் மூலைகளில், காற்று ஓடாத இடங்களில், வென்டிலேட்டருக்கு எதிர்ப்பக்கம் தொடங்கும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் இடத்துக்கு நேர் கீழேயும் பாருங்கள். தொட்டி நிழலில் அந்தத் தளம் வெயில் படாமல் குளிர்ந்தே கிடக்கும், ஆவி முதலில் அங்கேதான் படியும்.

வறட்டுத் துணியால் தேய்க்காதீர்கள், பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் கொல்ல வேண்டும், பிறகுதான் துடைக்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் திரவ ப்ளீச் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர். ப்ளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம், அதாவது குவித்து இரண்டு மேசைக்கரண்டி. கலக்கி அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் வடித்து எடுங்கள். அடிவண்டலோடு பூசினால் வெள்ளைச் சுண்ணாம்புத் தடம் நிற்கும். அதை உப்பு என்று நினைத்து இன்னொரு சுற்று அலைய நேரும். ஐந்துக்கு ஏழு அடி சீலிங்குக்கு ஒரு லிட்டர் தாராளம்.

ஸ்பாஞ்சில் தொட்டுப் பூசுங்கள். ஸ்ப்ரே அடித்தால் தலைக்கு மேலிருந்து கண்ணிலும் மூக்கிலும் இறங்கும். கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய சட்டை மூன்றும் கட்டாயம். கதவும் வென்டிலேட்டரும் திறந்திருக்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து எடுத்து, இரண்டு நாள் காயவிடுங்கள். கறை நிறம் மட்டும் மங்கலாக மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை.

ஒரு எச்சரிக்கை. போர்த் தண்ணீர் வரும் வீடுகளில் டைல்ஸில் உப்புக் கறை போக்க ஆசிட் பாட்டில் கட்டாயம் இருக்கும். அந்த ஆசிட்டும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். சீலிங்குக்கு ப்ளீச் போடும் நாளில் தரைக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். தரையில் ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருந்தால் நன்றாகக் கழுவிவிட்டு மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கொன்ற பிறகும் ஈரம் நின்றால் திரும்ப வரும். பூஞ்சை எதிர்ப்புப் பெயிண்ட் என்று கூடுதல் விலையில் விற்பதெல்லாம் கொஞ்ச காலத்தைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். காற்றோட்டம்தான் மருந்து. ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சாதாரண பாத்ரூமுக்குப் போதும். ஆனால் உள்ளே காற்று வர வழி வேண்டும். கதவுக்கும் தரைக்கும் நடுவே அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் இடைவெளி இல்லையென்றால் ஃபேன் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். குளித்து முடித்து 20 நிமிடம் ஓடட்டும். ஃபேன் இல்லாத வீட்டில் வென்டிலேட்டர் கண்ணாடிகளைக் கொசுவுக்கும் பல்லிக்கும் பயந்து நிரந்தரமாக மூடி வைத்திருப்பார்கள். அதில் நைலான் வலை அடித்துவிட்டுத் திறந்து வையுங்கள்.

வெந்நீர் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர் கால்வாசி பிடித்துவிட்டுப் பிறகு வெந்நீரைத் திறந்தால் ஆவி குறையும். காசில்லாத வைத்தியம்.

வட்டமான மஞ்சள், பழுப்புக் கறை

இதுதான் அதிக நாள் பிடிக்கும், அதிகமாகத் தப்பாகவும் கையாளப்படும். தண்ணீர் தளத்துக்குள் ஊடுருவி வரும்போது செங்கல் ஜல்லியில், மண்ணில், பழைய பூச்சில் இருக்கும் நிறத்தையெல்லாம் கரைத்துக்கொண்டு வருகிறது. ஓரம் முதலில் காய்வதால் நிறம் ஓரத்தில் சேர்ந்து வளையமாகிறது. நீரில் கரையும் நிறம் என்பதால், எமல்ஷனை எத்தனை கோட் அடித்தாலும் அந்த எமல்ஷனில் இருக்கும் தண்ணீரிலேயே கரைந்து மேலே ஏறி வந்துவிடும்.

மேலே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத் தேட வேண்டும்.

மேலே மொட்டை மாடி என்றால், கறை வளர்வது மழைக்குப் பிறகா, மழையே இல்லாதபோதும் வளர்கிறதா என்று கவனியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மட்டும் வளர்ந்தால் தளத்து வெடிப்பு, தட்டோட்டு (மாடித் தள ஓடு) இணைப்பு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, மழைநீர்க் குழாயின் வாய், இந்த நான்கையும் பாருங்கள். மாடியில் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கும் இடம் பாத்ரூமுக்கு மேலே இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

மழையே இல்லாமல் சித்திரை வெயிலிலும் கறை வளர்கிறதா? தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள். குழாய் நீளம் குறையட்டும் என்று தொட்டியைப் பெரும்பாலும் பாத்ரூமுக்கு மேலேதான் வைப்பார்கள். மோட்டாரை மறந்துவிட்டால் ஓவர்ஃப்ளோ குழாய் நேராகத் தளத்தில் கொட்டும். மழையைவிட இது மோசம், ஏனென்றால் வருடம் முழுக்க நடக்கிறது. ஓவர்ஃப்ளோ வாயில் ஒரு குழாயை நீட்டி மழைநீர்க் குழாய் வரை கொண்டுபோய் விடுங்கள். தொட்டிக்குள் மிதவை சுவிட்ச் ஒன்றும் போட்டுவிட்டால் மின்கட்டணமும் மிச்சம்.

மேலே இன்னொரு பாத்ரூம் என்றால் வரிசையாகத்தான் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் சோதித்தால் எது குற்றவாளி என்று தெரியாது.

முதலில் இரண்டு நாள் மேல் பாத்ரூமை உபயோகிக்காமல், தரையை உலரவிட்டு, குழாய்களை மூடி, ஆனால் லைனில் தண்ணீர் இருக்கும்படி விடுங்கள். அப்போதும் கறை ஈரமாகவே இருந்தால் சுவருக்குள் போகும் தண்ணீர் லைன்தான் ஓட்டை. இரவு தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

லைன் சரி என்றால், இரண்டாவதாக வடிகாலை மட்டும் சோதியுங்கள். ஒரு குழாயை நஹானி டிராப்பின் (தரைத் தண்ணீர் வடியும் துளை) வாய்க்குள்ளேயே விட்டு, தரை நனையாமல் நாலைந்து வாளி ஊற்றுங்கள். கீழே கசிந்தால் டிராப்பின் கழுத்தோ அதன் இணைப்போ விட்டிருக்கிறது. அடுத்து வெஸ்டர்ன் கோப்பையை மட்டும் நாலைந்து முறை ஃப்ளஷ் செய்து பாருங்கள்.

மூன்றாவதாகத் தரை. டிராப்பின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு சிட்டிகை கேசரிப் பவுடர் கலந்து 24 மணி நேரம் வையுங்கள். கீழே ஆரஞ்சு நிறம் எட்டிப் பார்த்தால் டைல்ஸ் இணைப்பு வழியாக இறங்குகிறது என்று உறுதி. சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், வெள்ளை இணைப்புப் பொடியில் நிறம் ஏறிவிடும்.

டைல்ஸ் இணைப்பு மட்டும் குறை என்றால் பழைய பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்ஸி கிரவுட் நிரப்பலாம். டிராப் கழுத்து என்றால் அதைச் சுற்றி உடைத்துத்தான் ஆக வேண்டும். மேலே வெள்ளை சிமெண்ட் பூசி மூடுவது ஒரு பொங்கல்கூடத் தாங்காது. தாழ்வான தளத்தில் செங்கல் ஜல்லி நிரப்பிக் கட்டிய பாத்ரூம்களில், ஓட்டையை அடைத்த பிறகும் ஜல்லியில் ஊறிய தண்ணீர் இரண்டு மூன்று வாரம் கீழே சொட்டும். வேலை தப்பு என்று உடனே பிளம்பரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பென்சில் கோட்டைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். சொட்டு குறைந்துகொண்டே வந்தால் சரியாகிறது.

மொட்டை மாடி நீர்த்தடுப்பு வேலைக்கு மாசியிலிருந்து வைகாசி வரை நல்ல காலம். தளம் எலும்புவரை காய்ந்திருக்கும். ஐப்பசி பிறந்த பிறகு ஈரத் தளத்தின் மேல் பூசும் கோட்டிங் கொப்புளித்து வந்துவிடும்.

கசிவு நின்று, பாலிதீன் சோதனையில் இரண்டு நாளும் தாள் உலர்ந்திருந்தால் அதற்குப் பிறகுதான் சீலிங்கில் கை வைக்க வேண்டும். கறையின் மேலும் சுற்றி அரை அடியும் ஆயில் பிரைமர் ஒரு கோட் அடியுங்கள். வாட்டர் பிரைமர் வேண்டாம், கறையை அதுவும் கரைக்கும். டர்பன்டைன் நெடி இருக்கும், அருகில் நெருப்பு கூடாது. ஒரு இரவு காய்ந்த பின் மங்கலாகக் கறை தெரிந்தால் இன்னொரு கோட். 220 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றுவிட்டு எமல்ஷன் இரண்டு கோட்.

வெள்ளைப் பொடி, வெள்ளை விழுது

தளத்திலும் பூச்சிலும் இருக்கும் உப்பு, நீரோடு மேற்பரப்புக்கு வந்து, நீர் ஆவியாகிப் போனபின் படிந்து நிற்பது. கட்டும்போது போர்த் தண்ணீரைக் கலவைக்கும் நீராட்டுக்கும் (சிமெண்ட் இறுக நனைத்து வைப்பதற்கும்) பயன்படுத்திய வீடுகளில் உப்பு ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது.

ஈரத் துணியால் துடைத்தால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும், மறுபடி வரும். நைலான் பிரஷ்ஷால் வறட்டாகவே தேய்த்து உதிர்த்து, கீழே விரித்த பேப்பரில் சேர்த்துக் கொட்டிவிடுங்கள். வாரம் ஒருமுறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பொடி குறைந்தால், புதுப் பூச்சின் ஈரம் வெளியேறுகிறது என்று அர்த்தம், தானே நிற்கும். குறையாவிட்டால் கசிவு. மேலே சொன்ன வழியில் தேடுங்கள். புதுப் பூச்சு முடிந்து நீராட்டி, குறைந்தது நான்கு வாரம் காய்வதற்கு முன்பு பெயிண்ட் அடித்த வீடுகளில் இது சொல்லி வைத்தாற்போல வரும்.

பொடியாக இல்லாமல் வெடிப்பு நெடுக வெள்ளையாகக் கெட்டிப்பட்டு, சிறு விழுது போலத் தொங்கினால், தண்ணீர் கான்கிரீட்டைத் துளைத்து அதன் சுண்ணாம்பையே கரைத்துக்கொண்டு இறங்குகிறது. கீழிருந்து அடைப்பதில் பயனில்லை. வழி அடைபட்ட நீர் பக்கத்தில் வேறு இடம் தேடும்.

துருப் புள்ளி, துருக் கோடு

ஆரஞ்சுப் பழுப்பில் குண்டூசித் தலை அளவு புள்ளிகள் அங்கங்கே சிதறி இருந்தால் பெரும்பாலும் கட்டுக்கம்பி முனை, அல்லது சென்ட்ரிங் பலகையிலிருந்து தளத்தில் மாட்டிக்கொண்ட ஆணி. பத்து மில்லிமீட்டர் ஆழத்துக்குச் சின்ன உளியால் கொத்தி, கம்பியை உள்ளே வெட்டிவிட்டு, முனையில் ரெட் ஆக்ஸைடு (துருத் தடுப்புப் பூச்சு) தொட்டு, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடையுங்கள். பட்டியால் (பெயிண்டுக்கு முன் பூசும் புட்டி) மட்டும் அடைத்தால் துரு பட்டியைத் தாண்டி வரும்.

கோடாக வந்தால் கதை வேறு. தளத்துக் கம்பியே துருப்பிடித்திருக்கலாம். கம்பி துருப்பிடித்தால் பருத்து, கீழே இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளும். உளியின் பிடியால் தட்டுங்கள். கெட்டியான சத்தத்துக்குப் பதில் பானையைத் தட்டினாற்போல "டொப்" என்று கேட்டால் அந்தப் பகுதி விலகி நிற்கிறது. அதற்குக் கீழே குளிக்கவும் வேண்டாம். கட்டடப் பொறியாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். இதில் பெயிண்ட் செலவு வீண் செலவு.

கொப்புளம், உரிதல்

உரிந்த துண்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பின்பக்கம் வெள்ளைப் பொடியாக இருந்தால் பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டெம்பர் மேலேயே எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். எமல்ஷன் சுண்ணாம்புப் பொடியைப் பிடித்திருக்கிறது, சுண்ணாம்புப் பொடி தளத்தைப் பிடிக்கவில்லை. பட்டியோடு சேர்ந்து வந்து, பட்டி விரலில் மாவாக நசுங்கினால் அது அக்ரிலிக் பட்டி. தொடர்ந்து ஈரம் படும் இடத்தில் இளகிவிடும். பாத்ரூம் சீலிங்குக்கு வெள்ளை சிமெண்ட் பட்டிதான் ஏற்றது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேண்டவே வேண்டாம்.

இரண்டுக்கும் பரிகாரம் ஒன்றுதான்: கெட்டியான அடித்தளம் வரும்வரை சுரண்டுவது. பாதி சுரண்டி, பிடித்திருக்கும் பாதியை விட்டுவிட்டால், விட்டது அடுத்த வருடம் வரும்.

பழைய ஒட்டு வீடுகள்

மதுரையில் மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு உத்திரம் போட்டு, செங்கலை நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் ஒட்டு இன்னும் இருக்கிறது. அதில் ஒரு மூலையைத் தடுத்து பாத்ரூம் ஆக்கியிருப்பார்கள். இங்கே எமல்ஷனே தப்பான தேர்வு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். எமல்ஷன் அந்த வாயை அடைக்க, ஈரம் உள்ளேயே நின்று பூச்சு பாளம் பாளமாக வரும். உத்திரத்துக்கு நடுவில் இருக்கும் பகுதிகளுக்கு வெள்ளையடிப்பதே நல்லது. தேக்கு உத்திரத்தின் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடித்துச் செந்தேநீர் நிறத்தில் கறை ஏறினால் அது மரத்தின் சாயம். அதற்கு ஆயில் பிரைமர் கேட்கும். இல்லை, உத்திரத்துக்கு வார்னிஷ் அடித்து மரமாகவே விட்டால் அழகும் கெடாது, வேலையும் மிச்சம்.

மற்றவை

சீலிங்குக்கு எனாமல் அடித்து, அறை முழுக்க ஒரே சீராக மஞ்சள் ஏறினால் அது கறையே அல்ல. எண்ணெய்ப் பெயிண்ட் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகும். 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் போட்டு எமல்ஷனுக்கு மாறுங்கள். விறகு போட்டு வெந்நீர் காய்ச்சும் வீடுகளில் படியும் கரிக்குச் சோப்புத் தண்ணீர், பிறகு ஆயில் பிரைமர். பார்க்கும் கோணத்தில் மட்டும் தெரியும் திட்டுகள் ரோலர் தடம். ஓரத்திலிருந்து ஓரம்வரை முழு சீலிங்குக்கும் ஒரு கோட் விட்டால் போகும், அந்த இடத்தில் மட்டும் தொட்டால் திட்டு இரண்டாகும்.

திரும்ப அடிக்கும்போது

ஐந்துக்கு ஏழு அடி சீலிங் 35 சதுர அடி. பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் மிச்சம் இருக்கும். ப்ளீச் வைத்து, சுரண்டி, கழுவி, இரண்டு நாள் காயவிட்டுத் தொடங்குங்கள். பட்டி தேவையான இடத்தில் மட்டும். காய்ந்ததும் 120 நம்பர் உப்புத்தாள், பிறகு தூசியைத் துடைத்துவிட்டுப் பிரைமர். கோட்டுக்கும் கோட்டுக்கும் நான்கு மணி நேரம், அடைமழைக் காலத்தில் ஒரு இரவு.

கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டப்பாவில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் ரோலர் சுலபமாக ஓடும், பெயிண்ட் படலம் மெலிந்துவிடும், அந்தப் பிசுபிசுப்புக் கறையும் சுருக்க வரும். ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்; பாத்ரூம் குழாயில் வரும் உப்புத் தண்ணீரைப் பிடித்துக் கலப்பதுதான் வழக்கம், ஒரு குடம் குடிதண்ணீரை முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

கடைசி கோட் முடிந்து இரண்டு நாள் அந்த பாத்ரூமைப் பூட்டி வைக்க முடிந்தால் மிக நல்லது. ஒரே பாத்ரூம்தான் என்றால், முதல் இரண்டு வாரம் பச்சைத் தண்ணீர்க் குளியல், அதற்கு மேல் இரண்டு வாரம் வெந்நீர் வாளியில் மட்டும், ஷவரில் வேண்டாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்து வெந்நீர் தவிர்க்க முடியாத வீட்டில், குளித்து முடித்ததும் நீண்ட கைப்பிடி மாப்பில் உலர்ந்த துணியைச் சுற்றி சீலிங்கை ஒரு முறை ஒற்றிவிடுங்கள். மிச்சப் பெயிண்டைக் காற்றுப் புகாத சின்ன டப்பாவில் நிரம்ப ஊற்றி, நிறத்தின் எண்ணையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதிப் பரணில் போட்டு வையுங்கள்.